மூன்றாவதாக வரச் சொன்ன பந்தயம்

சித்தப்பா ஊசியை லாயத்தின் பின்பக்கம், புல் கட்டுகள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைச் சொன்னார். நல்ல சேதியாக இருந்தால் அவர் லாயமே கேட்கும்படி சொல்லுகிறவர். தனியாகக் கூப்பிட்டாலே ஏதோ வில்லங்கம் என்று ஊசிக்குத் தெரியும்.

ஊசி என்பது லாயத்தில் வைத்த பெயர். பாதி உடம்புக்காக வைத்தது, பாதி வாய்க்காக. அப்பா போன பிறகு சித்தப்பாதான் அவளையும் அம்மாவையும் தன் வீட்டு மாடியில் இரண்டு அறை கொடுத்துக் குடிவைத்தார். குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் லாயத்துக்கு வந்து போனவள், குதிரை மேல் ஏறி, விழுந்து, மறுபடி ஏறி, கடைசியில் லைசென்ஸ் வாங்கிய ஜாக்கி ஆகிவிட்டாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது என்று ஆளாளுக்குச் சொன்னபோது, யாரையும் பொருட்படுத்தாமல் அவளை ஏற்றிவிட்டவரும் சித்தப்பாதான். அதனால்தான் அன்று காலை அவர் சொன்னது அவளுக்கு அவ்வளவு உறைத்தது.

மத்தியானம் சாம்பலை ஓட்டப் போகிறவள் அவள். சாம்பல் நிறக் குதிரை, பெயரும் அதுதான், நம்பர் ஏழு. ஏழு குதிரைகள் ஓடும் அந்தப் பந்தயத்தில் அதற்குத்தான் மவுசு. இரண்டாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் ஓரளவு ஈடு கொடுக்கும். மற்ற நான்கும் எண்ணிக்கைக்கு ஓடுபவை.

"நீ தோக்க வேண்டாம்மா," என்றார் சித்தப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். "மூணாவதா வந்தாப் போதும். மூணாவதா வந்த குதிரையை யாரும் ஏன் என்னன்னு கேக்க மாட்டாங்க."

சொல்லி அனுப்பியவர் மாவுமில்காரர். சாம்பல் அவர் குதிரை. அது மட்டுமா, லாயத்தில் நிற்கும் குதிரைகளில் பாதி அவருடையவை. அவர் கண்ணசைத்து அவற்றை வேறு லாயத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் சித்தப்பா ஒருவர் மட்டுமல்ல, குதிரை தேய்க்கிறவர்கள், புல் போடுகிறவர்கள் எல்லோருக்கும் அடுப்பு எரியாது.

மில்காரரின் கணக்கு ஊசிக்கு விளங்காததில்லை. அந்தப் பந்தயத்தில் பெரிய பணம் முதல் மூன்று இடத்தையும் வரிசை மாறாமல் சொல்லுகிற சீட்டில்தான். மூன்று குதிரையையும் சரியாகச் சொல்லிவிட்டு, முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாலும் சீட்டு குப்பைக்குத்தான் போகும். அதற்காகத்தான் ஜனங்கள் காம்பினேஷன் போடுவார்கள். மூன்று குதிரையின் நம்பரைக் கொடுத்து, இவை எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று எழுதுவது. மூன்று குதிரை ஆறு விதமாக வரலாம், ஆகவே ஆறு சீட்டின் காசு. நாலாவதாக ஒன்றைச் சேர்த்தால் போச்சு, இருபத்துநாலு விதம், இருபத்துநாலு சீட்டின் காசு.

லாயத்துக்கு லாடம் அடிக்க வருகிறவர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் நாலு குதிரைக் காம்பினேஷன்தான் போடுவார், இருப்பதிலேயே சின்னத் தொகைக்கு. குதிரையின் குளம்பையே கையில் பிடிக்கிறவருக்கு எது முதலில் வரும் என்று தெரியாதா என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். தெரியாது என்பார் அவர். தெரியாது என்று ஒத்துக்கொள்ள ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்பார்.

மில்காரருக்கு அந்த விலையைக் கொடுக்க மனசில்லை. ஊரெல்லாம் சாம்பல்தான் முதலில் வரும் என்று எழுதப் போகிறது. அது மூன்றாவதாக வந்துவிட்டால் அத்தனை சீட்டும் காற்றில் பறக்கும். மிஞ்சுகிற நாலைந்து பேர் மொத்தத்தையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது இடத்தில் சாம்பலை ஆணியடித்து வைத்துவிட்டால், மேலே இரண்டாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் முன்னே பின்னே எப்படி வந்தாலும் இரண்டே சீட்டுதான். ஆறு சீட்டில் சிதற வேண்டிய பணத்தை இரண்டில் குவித்துப் போடலாம். அதையும் முன்கூட்டிப் போட்டால் விஷயம் பந்தயத் தொகை காட்டும் பலகையில் தெரிந்துவிடும் என்று, ஒவ்வொரு கவுண்டரிலும் ஆள் நிறுத்தி வைத்து, கவுண்டர் மூடப் போகிற நேரத்தில் வாங்கச் சொல்லியிருந்தார்.

"முடியாது சித்தப்பா," என்றாள் ஊசி.

சித்தப்பாவுக்குக் கோபம் வரவில்லை. போன வருஷம் ஒரு தடவை அவள் இதைச் செய்திருந்தாள், அதை அவர் ஞாபகப்படுத்தினார். ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம். அவள் அதை மறந்திருந்தால்தானே. செம்பட்டை நிறப் பெட்டைக் குதிரை அது, ஓடத் துடித்த குதிரை. கடைசி நேர்ப்பாதை முழுக்க அவள் லகானை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். இறங்கிப் பார்த்தபோது கடிவாள இரும்பில் ரத்தம். குதிரை அவளைக் கடிக்கவில்லை, உதைக்கவில்லை. வழக்கம்போல முகத்தைக் கொண்டுவந்து அவள் தோளில் உரசியது. 

அப்படியானால் வயிற்றுவலி என்று சொல்லி விலகிக்கொள், கடைசி நேரத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுகிறேன் என்றார் சித்தப்பா. அவர் குரல் கெஞ்சலாக இறங்கியிருந்தது. அவள் தலைக்கவசத்தையும் சேணத்தையும் எடுத்துக்கொண்டு நேரே எடை பார்க்கிற அறைக்குப் போனாள். ஜாக்கி எடைத் தட்டில் ஏறி, எழுதுகிறவர் எடையை எழுதிக்கொண்டுவிட்டால், மருத்துவர் சொன்னாலொழிய ஆளை மாற்ற முடியாது. அவள் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்தபோது சித்தப்பா வாசலில் வந்து நின்றார். எழுதுகிறவர் அவளைப் பார்த்து, என்ன இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டார். பசி இல்லை, அதான் என்றாள்.

குதிரைகளை மக்கள் பார்ப்பதற்காக வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் மில்காரர் நின்றிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் போன். சாம்பலின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு, எல்லாம் சொன்னார்களா என்று ஊசியிடம் கேட்டார். காய்கறிக் கடையில் எடை சரியா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

மறைந்து கவிழ்ப்பது அவளுக்குப் பிடிக்காத விஷயம். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் ஜெயித்திருக்கலாம், அது இவருக்கு நல்ல பாடமாகவும் இருந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் தானும் இவர்களில் ஒருத்திதான் என்று அவளுக்குப் பட்டது.

"சொன்னாங்க," என்றாள். "நான் முடியாதுன்னுட்டேன். இந்தக் குதிரையை ஜெயிக்கத்தான் ஓட்டப் போறேன். சீட்டு வாங்கலேன்னா இப்பவே மாத்திக்கங்க. அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

குரலைத் தாழ்த்தவில்லை. லகானைப் பிடித்து நின்றிருந்தவன் குனிந்து, அவிழாத தன் செருப்பு வாரைக் கட்டினான். மில்காரர் முதலில் சிரித்தார். சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா குதிரையின் காலைப் பார்த்தார். அங்கேதான் மில்காரரின் சிரிப்பு நின்றது. உன் சித்தப்பாவின் லாயத்தில் நாளைக்குக் காக்காய்கூட உட்காராது என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் காலை மடித்து நீட்டினாள். ஜாக்கியைக் காலைப் பிடித்து ஏற்றிவிடுவது பயிற்சியாளரின் வேலை. சித்தப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு பிடித்துத் தூக்கிவிட்டார். 

குதிரைகள் புறப்படும் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கையில் மில்காரர் போனில் கத்திக்கொண்டு நடந்தார். இந்தப் பெண் ஓட்டினால் சாம்பல் ஜெயிக்கும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் குதிரையாயிற்றே. அப்போதும் அவர் ஒதுங்கியிருக்கலாம். இல்லையென்றால் அந்த மூன்றையும் காம்பினேஷனாகப் போட்டுவிட்டு, எப்படி வந்தாலும் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம். ஆறு சீட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பணம் குறையும், அது அவருக்குத் தாங்காது. முதல் இடம் சாம்பல், கீழே அந்த இரண்டும் முன்னே பின்னே, மொத்தப் பணமும் அதில் என்று கவுண்டரில் நின்ற ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். அடுத்த நிமிஷம் கவுண்டர்கள் மூடின.

புறப்படும் இடத்தின் கதவு திறந்ததும் சாம்பல் அம்பு மாதிரி கிளம்பியது.

ஊசி அதைக் கூட்டத்துக்குள் விட்டு, கடைசி வளைவு வரை காத்திருக்க வேண்டும். சாம்பல் கடைசியில் பாய்கிற குதிரை. முன்னால் ஆள் இருந்தால்தான் அதற்கு வேகமே வரும். இது அவளுக்குத் தெரியாததா? வேறொரு நாளாக இருந்தால் தூக்கத்தில்கூட அப்படித்தான் ஓட்டியிருப்பாள். அன்று அவளால் முடியவில்லை. லகானை இழுத்துப் பிடித்தால், அது பந்தய தந்திரமாகவே இருந்தாலும், இழுப்பது மாதிரி இருக்குமே என்ற நினைப்பு கையைத் தடுத்தது. ஒரு கணமும் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. அவள் லகானைத் தளர்த்திவிட்டாள். சாம்பல் முன்னால் போய், தனியாக, காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓடியது.

வளைவு திரும்பும்போது மைதானம் முழுவதும் அவள் பின்னால் இருந்தது. அந்த இன்பம் கொஞ்ச தூரம்தான். நேர்ப்பாதையில் குதிரையின் மூச்சு மாறுவதைத் தொடையில் உணர்ந்தாள். முன்தின மழையில் ஊறிய தரை வேறு. கழுத்தோடு கழுத்தாகப் படுத்து, கைகளால் தள்ளி, வாயால் கெஞ்சி, திட்டி, கொஞ்சிப் பார்த்தாள். சாம்பல் தன்னால் ஆனதையெல்லாம் கொடுத்தது. ஐந்தாம் நம்பர் பக்கத்தில் வந்து தாண்டியது. முடிவுக் கம்பத்துக்குச் சற்று முன்னால் இரண்டாம் நம்பரும் தாண்டியது.

மூன்றாவது.

இறங்கினாள். சாம்பலின் வாயைத் திறந்து பார்த்தாள். நுரை இருந்தது, ரத்தம் இல்லை. அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு முழுதாகப் புரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்று ஓடி, அவர்கள் சொன்ன அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். ஊர் என்ன நினைக்கும்? விலை போய்விட்டாள் என்று நினைக்கும்.

அதற்குள் மில்காரர் வந்துவிட்டார். கம்பித் தடுப்பைத் தாண்டி, காவலரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மடிப்புச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அவர் புத்திக்கு எட்டியது ஒன்றுதான்: இந்தப் பெண் வேறு எவனிடமோ கைநீட்டியிருக்கிறாள், தன்னைப் பயமுறுத்திப் பணத்தை முதல் இடத்துக்கு மாற்றவைத்துவிட்டு, எவனுக்காகவோ மூன்றாவதாக வந்திருக்கிறாள். பழைய சீட்டையே வாங்கியிருந்தால் இந்நேரம் மைதானத்துப் பணம் பாதி அவர் பையில் இருக்கும். அந்த நினைப்பு அவரைக் குருடாக்கியது.

"மூணாவதா வாடின்னு நான் சொன்னப்போ முடியாதுன்னே," என்று கத்தினார். "ஜெயிக்கப் போறேன்னுட்டு இப்ப மூணாவதா வந்து நிக்கிறே. யாருகிட்ட வாங்கினே?"

எடை அறை வாசலில் ஜாக்கிகள் ஏழு பேரும், பந்தய நடுவர்களில் ஒருவரும், பத்திரிகைக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். கத்தி முடித்த பிறகுதான் மில்காரருக்குத் தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்தது போலிருக்கிறது. சட்டென்று வாயை மூடினார். நடுவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, எல்லோரும் மேலே வாருங்கள் என்றார்.

மேலே, நீள மேஜைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். சுவரில் பெரிய திரை. பந்தயத்தைப் பல பக்கத்திலிருந்தும் எடுத்த படத்தை மாற்றி மாற்றி ஓடவிட்டார்கள். திரையில் ஊசி குதிரையின் முதுகில் தன்னைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். பார்க்கிற யாருக்கும் அது நடிப்பாகத் தெரியாது. ஆனால் ஏன் ஆரம்பத்திலேயே முன்னால் விட்டாய், இந்தக் குதிரை அப்படி ஓடுவதில்லையே என்று தலைமை நடுவர் கேட்டார்.

"தப்பா ஓட்டிட்டேன்," என்றாள். "கோவத்துல ஓட்டினேன். நிதானமா ஓட்டியிருந்தா ஜெயிச்சிருக்கும். ஆனா ஜெயிக்கத்தான் ஓட்டினேன்."

சித்தப்பா சொன்னதும் மில்காரர் சொன்னதும் தான் சொன்னதும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். காலையிலேயே எங்களிடம் வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். சொல்லியிருந்தால் குதிரையை ஓடவிட்டிருக்க மாட்டீர்கள், அது ஓட வேண்டிய குதிரை என்றாள். இதற்கு முன்னால் எப்போதாவது குதிரையை இழுத்துப் பிடித்ததுண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் யாரும் தோண்டிப் பார்த்திருக்கப் போவதில்லை. சித்தப்பா தலை நிமிராமல் இருந்தார்.

"ஒரு தடவை," என்றாள் ஊசி.

மில்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இவளே ஒரு திருடி, இவள் பேச்சை எடுத்துக்கொள்ளலாமா என்று ஆரம்பித்தார். நான் கீழே கத்தியது கோபத்தில் ஏதோ உளறியது, அர்த்தமில்லாதது என்றார். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போக, சித்தப்பா எழுந்தார். பெரிய மனுஷர்கள் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவர், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு நான் சொல்லித்தான் இழுத்தா. இன்னிக்கும் நான்தான் சொன்னேன், இவர் சொல்லி. அவ மாட்டேன்னா. இவர் முகத்துக்கு நேராவே மாட்டேன்னா. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

மில்காரருக்கு அந்த மைதானத்தில் இனி குதிரை கிடையாது என்று தீர்ப்பானது. சித்தப்பாவின் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் பறிபோனது. பழைய தவறுக்காகவும், காலையில் வந்து சொல்லாததற்காகவும் ஊசிக்கும் ஒரு மாதம் தடை. பந்தய முடிவு மாறவில்லை. ஐந்து, இரண்டு, ஏழு என்று பலகையில் விழுந்தது. லாடக்காரர் கவுண்டரில் தன் சீட்டை நீட்டியபோது, அவர் வழக்கமாகப் போடும் சின்னத் தொகைக்கே புதுப் பட்டறைத் துருத்தி வாங்குகிற அளவுக்கு வந்தது. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல், இரண்டு நாள் அவர் லாயத்துப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சேதி முன்பே வந்திருந்தது. கீழ்வீட்டில் சித்தி கதவைச் சாத்திவிட்டாள். சோறு போட்ட கைக்கு இதுதான் மரியாதையா என்று சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. மாடிக்குப் போனால் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். தையல் மெஷினை ஏற்கெனவே மூடி, கயிறு போட்டிருந்தாள். யாரும் இன்னும் போகச் சொல்லவில்லையே அம்மா என்றாள் ஊசி.

"சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கணுமா?" என்றாள் அம்மா. "நீ செஞ்சது சரி. அவ கோவப்படறதும் சரி. ரெண்டு சரியும் ஒரே வீட்ல இருக்க முடியாது. அந்தக் கயித்தைப் பிடி."

பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. ஒரு மாதம் கழிந்து தடை முடிந்தது, ஆனால் கூப்பிட ஆளில்லை. ஒவ்வொரு விடியலிலும் அவள் தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு பயிற்சித் திடலின் வாசலில் போய் நிற்பாள். பயிற்சியாளர்கள் வணக்கம் சொல்லிக்கொண்டே தாண்டிப் போவார்கள். ஒருவர் பரிதாபப்பட்டு, கொஞ்ச நாள் வேறு வேலை பார் பெண்ணே என்றார். வேறு வேலை தெரியாது என்றாள். தெரியாது என்பதைவிட, பார்க்க மாட்டேன் என்பதுதான் உண்மை. மறுநாளும் போய் அதே இடத்தில், வேண்டுமென்றே வழியை மறித்த மாதிரி நின்றாள்.

கடைசியில், தடித்த கண்ணாடி போட்ட பயிற்சியாளர் ஒருவர் ஒரு கறுப்புக் குதிரையைக் கொண்டுவந்து அவள் முன் நிறுத்தினார். கடிக்கும், உதைக்கும், இரண்டு ஜாக்கிகளைக் கீழே போட்டிருக்கிறது, வேறு யாரும் ஏற மாட்டேன் என்கிறார்கள் என்றார். உன்னை யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், பொருத்தமாக இருக்கும் என்றும் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். பந்தயத்தில் எந்த இடம் வர வேண்டும் என்று கேட்டாள். அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முதலில் நீ சேணத்தில் இரு, மற்றதை அப்புறம் பேசலாம் என்றார்.

அந்தக் கறுப்பனை அவள் பழக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், திடலின் வெளிவேலிக்கு அந்தப்புறம் சித்தப்பா நின்றிருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. பொதுஜனம் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். தலையை அரைகுறையாய் வாரியிருந்தார். அவள் இறங்காமலே குதிரையை நடக்கவிட்டு வேலியோரம் வந்தாள். சித்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். இருக்கிறாள் என்றார். சாம்பலை யாரோ வாங்கிக்கொண்டுபோன விஷயத்தைச் சொன்னார்.  கறுப்பன் பொறுமையில்லாமல் தரையைக் காலால் கீறியது.

"அன்னிக்கு ஏம்மா முன்னாடியே விட்டே?" என்றார் சித்தப்பா திடீரென்று. "வளைவு வரைக்கும் கூட்டத்துக்குள்ள வச்சிருந்தா நாலு குதிரை நீளத்துல ஜெயிச்சிருப்பே. எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்."

குரலில் நிஜமான கோபம். மில்காரரின் குதிரைகள் போனதற்கோ, லைசென்ஸ் போனதற்கோ இல்லை அந்தக் கோபம். ஒரு நல்ல குதிரையை மோசமாக ஓட்டியதற்காக மட்டும் வந்த கோபம்.  

"தெரியும் சித்தப்பா," என்றாள். "ஓட்டினது தப்பு. மாட்டேன்னது தப்பில்லை."

 சித்தப்பா கம்பிக்குள் கையை விட்டுக் கறுப்பனின் மூக்கைத் தடவப் போனார். அது பல்லைக் காட்டிற்று. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டவர், இதன் இடது பக்கக் கடிவாள வார் கூடுதலாக இறுகியிருக்கிறது, ஒரு துளை தளர்த்து என்றார். அவள் இறங்கித் தளர்த்தினாள். அவர் மறுபடி பார்த்து, இப்போது சரி, போ என்றார். அவள் ஏறி, குதிரையைத் திருப்பி, திடலின் நடுவுக்கு விட்டாள்.